தென்துருவத்தில் காலியான டின்கள்!

பம்ப் ஸ்டவ் எரிந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அவசரத்துக்குக் காபி போடலாம் என்று ஸ்டவ்வை எடுத்தால், எத்தனை முறை அடித்தாலும் காற்று ஏறாது. பாட்டி வருவார். பம்ப்பைக் கழற்றி, கம்பியின் நுனியில் குட்டிக் கிண்ணம் போல ஒட்டிக்கொண்டிருக்கும் தோல் வாஷரைத் தொட்டுப் பார்ப்பார். காய்ந்து, விறைத்து, சுருங்கியிருக்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, விரலால் நீவிவிட்டு, மறுபடி மாட்டி அடித்தால் ஸ்டவ் சீறிக்கொண்டு எரியும்.

அடிபம்பிலும் இதே கதைதான். சைக்கிள் பம்ப்பிலும் இதே கதைதான். தோல் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் இடுக்கு விழும். இடுக்கு விழுந்தால் காற்றோ, தண்ணீரோ, எண்ணெயோ அதன் வழியே போய்விடும். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகளுக்கும் தெரிந்திருந்த இந்தப் பாடத்துக்கு, உலகத்தின் தெற்கு முனையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு கொடுத்த விலை மிகப் பெரியது.

1912, பிப்ரவரி 24. தென்துருவத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ராபர்ட் ஃபால்கன் ஸ்காட்டின் குழு, போகும்போது தாங்களே அமைத்துவிட்டுப் போன ஒரு டெப்போவை வந்தடைந்தது. டெப்போ என்றால் கட்டடம் எல்லாம் இல்லை. பனிக்கட்டிகளை அடுக்கி எழுப்பிய ஒரு மேடு, மேலே ஒரு கொடி, அதற்குள் திரும்பி வரும்போது சாப்பிடுவதற்கான உணவு, மண்ணெண்ணெய் டின்கள். அவ்வளவுதான். ஐந்து பேராகத் துருவத்துக்குப் போனவர்கள் அப்போது நான்கு பேர். எட்கர் எவன்ஸ் ஒரு வாரத்துக்கு முன்பே, பிப்ரவரி 17 அன்று இறந்துபோயிருந்தார்.

உணவு வைத்தது வைத்தபடி இருந்தது. மண்ணெண்ணெய் மட்டும் குறைந்திருந்தது.

டின் உடையவில்லை. யாரும் தங்கள் பங்குக்கு மேல் எடுக்கவும் இல்லை. எண்ணெய் எங்கே போனது என்று யாருக்கும் புரியவில்லை.

தீ இருந்தால்தான் தண்ணீர்

அண்டார்டிகாவில் காலுக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் உறைந்த நீர் கிடக்கிறது. ஆனால் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது. பனியை அள்ளி வாயில் போட்டால் உடம்பின் சூடுதான் அதை உருக்கச் செலவாகும், தாகமும் அடங்காது. எனவே, ஸ்டவ் எரிந்தால் தண்ணீர், எரியாவிட்டால் இல்லை. பெமிக்கன் என்ற, உலர்ந்த இறைச்சியும் கொழுப்பும் கலந்த உணவைக் கஞ்சியாக்கவும் தீ வேண்டும். நனைந்து விறைத்த காலுறைகள் கொஞ்சமாவது காய வேண்டுமென்றாலும் அடுப்பு எரியும் அந்தச் சில நிமிடங்கள்தான் கதி.

அவர்கள் வைத்திருந்தது பிரைமஸ் ஸ்டவ். ஸ்வீடனில் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. நம் ஊர் பம்ப் ஸ்டவ்வுக்கு மூத்த அண்ணன். ஸ்டவ்வில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்கு ஊற்றும் எண்ணெயை வைத்திருந்த டின்னின் மூடியில்தான் கோளாறு.

இதில் வேதனை என்னவென்றால், மூடி பற்றி ஸ்காட்டுக்கு முன்பே தெரியும். 1901 முதல் 1904 வரை ‘டிஸ்கவரி’ கப்பலில் அவர் முதல் முறை அண்டார்டிகா போயிருந்தபோது, டின்களுக்குத் தக்கை மூடி போட்டிருந்தார்கள். வண்டி குலுங்கும்போதும் கவிழும்போதும் தக்கையின் ஓரமாக எண்ணெய் கசிந்து வீணானது. அந்தப் பயணம் பற்றிய தன் புத்தகத்திலேயே அவர் இதை எழுதியிருக்கிறார். ஆகவே இரண்டாவது பயணத்தில் தக்கையை மாற்றினார்கள். அதற்குப் பதிலாகத் திருகு மூடி, அதற்கு அடியில் தோல் வாஷர்.

குறை தெரிந்தது, திருத்தமும் செய்தாயிற்று. ஆனால் அந்தப் புதிய மூடி, டின்னோடு சேர்த்துப் பனியில் மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடந்தால் என்ன ஆகும்? பகலில் வெயில் அடித்து, டின் சூடாகி, மறுபடி குளிர்ந்து, மறுபடி சூடானால் என்ன ஆகும்? அதை யாரும் வைத்துப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிறவர்களின் கண்ணில் படட்டும் என்று டின்களுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, பனிமேட்டின் மேலேயே வைத்திருந்தார்கள். தென்துருவக் கோடையில் சூரியன் மறைவதே இல்லை. 24 மணி நேரமும் டின் மேல் வெயில். உள்ளே இருந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியானது. குளிரில் விறைத்துச் சுருங்கிய தோலின் ஓரமாக அந்த ஆவி வெளியேறியது. 

இருட்டில் ஒரு தொழிற்கூடம்

அதே ஆண்டு, அதே கண்டத்தில், சில நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழு இருந்தது. நார்வேக்காரர் ரோல்ட் அமுண்ட்செனின் குழு. துருவத்தை முதலில் தொட்டவர்கள் இவர்கள்தான், 1911 டிசம்பர் 14 அன்று. ‘அமுண்ட்சென் ஜெயித்தார், ஸ்காட் தோற்றார்’ என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரிக்குப் பின்னால் நான்கு மாத இருட்டு இருக்கிறது.

1911 ஏப்ரல் 21 அன்று அவர்களின் முகாமான ஃப்ராம்ஹெய்மில் சூரியன் மறைந்தது. மறுபடி தலைகாட்டியது ஆகஸ்ட் 24 அன்று. இந்த நான்கு மாதமும் வெளியே பயணம் போக முடியாது. அந்தக் குழுவோ பனிக்குள் அறைகள் குடைந்து, விளக்கு வைத்து, அவற்றைத் தச்சுப் பட்டறையாகவும் தையல் கூடமாகவும் மாற்றிக்கொண்டது.

ஏனென்றால், சூரியன் மறைவதற்கு முன்பே, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அவர்கள் டெப்போ அமைக்கும் பயணங்களைச் செய்து முடித்திருந்தார்கள். 80, 81, 82 பாகை என்று தெற்கே தெற்கே போய் உணவையும் எண்ணெயையும் இறக்கிவிட்டு வந்தார்கள். பெயர் டெப்போ பயணம். நடந்தது ஒத்திகை. சறுக்குவண்டிகள் வேண்டியதை விடக் கனம் என்று அப்போது தெரிந்தது. பூட்ஸ் விறைப்பாக இருந்து காலைக் கடித்தது என்று தெரிந்தது. இன்னும் அதிகம் நாய்கள் வேண்டும், அதற்காக ஆட்களைக் குறைத்தாலும் பரவாயில்லை என்றும் தெரிந்தது.

முதல் பயணத்தில் வழியைக் குறிக்கக் கொண்டுபோன கொடிகள் போதவில்லை. என்ன செய்வது? நாய்களுக்காக எடுத்துப்போன காய்ந்த மீனை எடுத்து, வழியெல்லாம் பனியில் நட்டுவைத்தார்கள். வெள்ளை வெளியில் வரிசையாகக் கருவாடு! வேலை நடந்தது. அடுத்த முறை கொடிகளைக் குறைவில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

கொடிகளை அவர்கள் வழிநெடுக மட்டும் நடவில்லை. டெப்போவின் கிழக்கிலும் மேற்கிலும், வழிக்குக் குறுக்காகவும் வரிசையாக நட்டார்கள். மூடுபனியில் வழி கொஞ்சம் தவறி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி எதிர்ப்படும். அதில் உள்ள அடையாளத்தைப் பார்த்தால் டெப்போ எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நாம் வழி தவறுவோம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு அது.

குளிர்கால இருட்டில் இந்தக் குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்கள். ஸ்கீ வீரரும் தச்சருமான ஓலாவ் பியோலாண்ட், பழைய சறுக்குவண்டிகளின் மரத்தை இழைத்து இழைத்தே எடையை வெகுவாகக் குறைத்தார். உடைந்துவிடாமல் எதுவரை இழைக்கலாம் என்பதுதான் அதில் வித்தை. உணவுப் பெட்டிகளின் பலகையையும் இழைத்தார்கள். பனிக்கண்ணாடியை ஆளுக்கொரு மாதிரி வடிவமைத்து, எது சிறந்தது என்று போட்டியே நடந்தது. இரண்டு கூடாரங்களைச் சேர்த்துத் தைத்து ஒன்றாக்கினார்கள். வெள்ளைத் துணிக்கு அடர் நிறச் சாயம் ஏற்றினார்கள். நாளெல்லாம் வெண்பனியைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு உள்ளே வந்ததும் இருட்டு வேண்டும் என்பதற்காக.

பூட்ஸ் கதை தனி. ஸ்கீயில் பூட்டுவதற்கு அடிப்பாகம் கெட்டியாக இருக்க வேண்டும். ஆனால் கெட்டியான பூட்ஸ் காலை நெரித்து ரத்த ஓட்டத்தை நிறுத்தும். ரத்தம் நின்றால் விரல் உறைந்துபோகும். பிரித்தார்கள், வெட்டினார்கள், அகலப்படுத்தித் தைத்தார்கள். போட்டு நடந்தார்கள். மறுபடி பிரித்தார்கள். இப்படிப் பலமுறை.

மண்ணெண்ணெய் டின்? அமுண்ட்செனுக்கும் கசிவுப் பிரச்னை தெரியும். அவர் மூடியை நம்பவே இல்லை. டின்களை உலோகம் உருக்கிப் பற்றவைத்து மூடிவிட்டார். திறக்கத்தான் சிரமம், தானாகத் திறந்துகொள்ள வழியே இல்லை. திரும்பும் வழியில், மவுன்ட் பெட்டி என்ற சிறு குன்றில் கற்களைக் குவித்து அங்கே ஒரு டின் மண்ணெண்ணெயை விட்டுவிட்டுப் போனார்கள். சுமார் 50 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்த டின்னில் எண்ணெய் அப்படியே இருந்தது.

செப்டம்பரில் விழுந்த அடி

இவ்வளவு சொன்னதும், அமுண்ட்சென் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்த மனிதர் என்று தோன்றும். இல்லை. அவருக்கும் பதற்றம் இருந்தது. ஸ்காட்டிடம் மோட்டார் வண்டிகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவை இந்நேரம் துருவத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தால்?

வசந்தம் சரியாக வரும் முன்பே, 1911 செப்டம்பர் 8 அன்று, எட்டுப் பேர் கொண்ட குழுவாகக் கிளம்பிவிட்டார். சில நாளிலேயே வெப்பநிலை மைனஸ் 56 டிகிரிக்குப் போனது. திசைகாட்டிக்குள் இருந்த திரவமே உறைந்துபோனது. நாய்களின் பாதங்கள் உறைந்தன. இனி போனால் சாவுதான் என்று புரிந்து, 80 பாகை டெப்போவில் சுமையை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தத் திரும்பும் பயணம்தான் அசிங்கமாகிவிட்டது. தலைவர் அமுண்ட்செனே இரண்டு பேருடன் வேகமான வண்டிகளில் முன்னால் போய்விட்டார். மற்றவர்கள் சிதறிப்போனார்கள். கடைசியில் இருந்த பிரெஸ்ட்ருட்டின் குதிகால்கள் உறைந்திருந்தன. அவரிடம் உணவும் இல்லை, ஸ்டவ்வும் இல்லை. அனுபவசாலியான ஜோஹான்சென்தான் அவருக்காகக் காத்திருந்து, நள்ளிரவுக்குப் பிறகு கூட்டி வந்து சேர்த்தார். மறுநாள் காலை எல்லோர் முன்னிலையிலும் ஜோஹான்சென் தலைவரைக் கேட்டுவிட்டார்: இப்படியா ஆட்களை விட்டுவிட்டு வருவது? அமுண்ட்சென் அதை மன்னிக்கவில்லை. துருவக் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார். கேட்டதில் தவறில்லை என்பது இன்று படிக்கிற யாருக்கும் தெரியும். அன்றைக்கு அவருக்கு அது கைகொடுக்கவில்லை.

ஆனால் அந்தத் தோல்வியையும் வீணாக்கவில்லை. குளிர் தாங்காத குதிகால்கள் என்றால் பூட்ஸ் இன்னும் சரியில்லை என்று அர்த்தம். மறுபடி பிரித்தார்கள். எட்டுப் பேர் ஐந்து பேரானார்கள். அக்டோபர் 20 வாக்கில் நான்கு வண்டி, 52 நாய்களுடன் மறுபடி கிளம்பினார்கள். 99 நாளில் போய்த் திரும்பி, 1912 ஜனவரி 25 அன்று ஐந்து பேரும் உயிரோடு முகாமில் காபி குடித்தார்கள். நாய்களில் திரும்பியவை 11 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை, முன்பே போட்ட திட்டப்படி வழியில் சுடப்பட்டு உணவாயின. அந்தக் கணக்கைப் படிக்கும்போது இன்றைக்கும் மனம் கூசும்.

நார்வேயில் ஓடியது, அங்கே நின்றது

ஸ்காட் எதையுமே சோதிக்காமல் போனார் என்று சொல்வது அநியாயம். அவருடைய மோட்டார் சறுக்குவண்டிகள் அந்தக் காலத்துக்கு அதிசயம். சக்கரத்துக்குப் பதிலாகத் தொடர்பட்டை. பின்னால் வந்த ராணுவ டாங்கிகள் ஓடியதும் அதே தத்துவத்தில்தான். ஒரு வண்டி ஏறக்குறைய 1,000 பவுண்டு. 1910 மார்ச்சில் நார்வேயின் பனியில் ஓட்டிப் பார்த்தார்கள். ஓட்டத்தில் அச்சு முறிந்தது. டிரிக்வே கிரான் என்ற இளைஞர் அதை ஸ்கீயில் எடுத்துப்போய்ச் சரிசெய்து கொண்டுவந்து கொடுத்தார். ஸ்காட் அசந்துபோனார். கிரானையே ஸ்கீ கற்றுத்தர அண்டார்டிகாவுக்குக் கூட்டிப்போய்விட்டார்.

ஆக, சோதனையில் கிடைத்த பலன் ஒரு நல்ல ஸ்கீ ஆசிரியர். அச்சு முறிந்ததன் அர்த்தம் என்ன என்று யோசிக்க வேண்டிய இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

வண்டியை உருவாக்குவதில் ஆரம்பம் முதலே உடனிருந்த பொறியாளர் ரெஜினால்ட் ஸ்கெல்டன் பயணத்தில் சேர்க்கப்படவில்லை. காரணம் இயந்திரம் அல்ல, பதவி. கடற்படையில் அவருடைய தகுதி, குழுவின் துணைத் தலைவரை விட உயர்ந்தது. துணைத் தலைவர் ஆட்சேபித்தார். மெஷின் போனது, மெஷினைத் தெரிந்தவர் ஊரில் நின்றுவிட்டார். இப்படி நடக்காத அலுவலகம் எங்கே இருக்கிறது?

மூன்று வண்டிகளில் ஒன்று, 1911 ஜனவரி 8 அன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே, கடல்மேல் உறைந்திருந்த பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மீதி இரண்டும் அக்டோபர் 24 அன்று துருவப் பயணத்தின் முன்னோடியாகக் கிளம்பின. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, காற்றுதான். கொஞ்ச தூரம் ஓடினால் சிலிண்டர் கொதிக்கும். ஆறட்டும் என்று நிறுத்தினால், கார்புரேட்டர் குளிர்ந்துபோய் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. இப்படியே தள்ளாடி, 80 கிலோமீட்டர் சொச்சத்தில் நவம்பர் 1 அன்று இரண்டாவது வண்டியும் நின்றது. வண்டியோடு போன நான்கு பேர் என்ன செய்தார்கள்? 300 கிலோவுக்கு மேற்பட்ட சுமையைத் தங்கள் தோளில் வாரை மாட்டிக்கொண்டு, சுமார் 240 கிலோமீட்டர் இழுத்தார்கள்.

எங்கே பயன்படுத்தப் போகிறோமோ அந்த மண்ணிலேயே ஓட்டிப் பார்ப்பது ஒரு வகை. அது முடியாதபோது அந்த மண்ணைப் போன்ற மண்ணைத் தேடிப் போக வேண்டும். நிலவுக்கு வண்டி அனுப்பும் முன் இஸ்ரோ தேடிய மண், நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைத்தது. நிலவின் மேட்டுநிலப் பாறையைப் போன்ற அனார்த்தோசைட் பாறை அங்கே இருக்கிறது. அதைப் பொடித்து, அதன்மேல்தான் தரையிறங்கும் கால்களையும் ரோவரின் சக்கரங்களையும் சோதித்தார்கள். இந்தியாவிலிருந்து அண்டார்டிகாவின் மைத்ரி நிலையத்துக்குப் போகிறவர்களும் முதலில் உத்தரகாண்டின் ஆலி பனிச்சரிவுகளில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஐந்து வாரப் பரீட்சை

ஸ்காட்டின் முகாமிலும் ஓர் உண்மையான சோதனை நடந்தது. சொல்லப்போனால், அமுண்ட்செனின் ஒத்திகைகளை விடக் கொடூரமான சோதனை.

1911 ஜூன் 27. அண்டார்டிகாவின் நடுக் குளிர்காலம், பகல் என்பதே இல்லாத இருட்டு. எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் மூவரும் நடந்தே கேப் க்ரோசியருக்குப் போனார்கள். ஒரு வழிக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். எம்பரர் பெங்குவின் முட்டைகளை எடுத்து வருவது முதல் நோக்கம். கூடவே இன்னொன்று: துருவப் பயணத்தில் எதைச் சாப்பிட்டால் உடம்பு தாங்கும் என்று கண்டுபிடிப்பது. அதற்காக மூவரும் மூன்று விதமாகச் சாப்பிட்டார்கள். பவர்ஸுக்குப் பெமிக்கன் அதிகம், வில்சனுக்குக் கொழுப்பு அதிகம், செர்ரிக்கு பிஸ்கட் அதிகம். தங்கள் உடம்பையே சோதனைக்கூடமாக்கிக்கொண்டார்கள்.

வெப்பநிலை மைனஸ் 60-க்கும் கீழே போனது. மூச்சும் வியர்வையும் உறக்கப்பைக்குள் உறைந்து உறைந்து, கிளம்பும்போது எட்டுக் கிலோ இருந்த செர்ரியின் பை, திரும்பும்போது 20 கிலோ! புயலில் கூடாரம் பறந்தது. கல் வீட்டுக்குக் கூரையாகப் போட்டிருந்த கேன்வாஸ் கிழிந்து பறந்தது. கூடாரம் போனால் உயிரோடு திரும்புவது நடக்காது என்று மூவருக்கும் தெரியும். புயல் அடங்கியதும் இருட்டில் தேடினார்கள். சரிவில் கொஞ்ச தூரம் கீழே அது கிடைத்தது. ஆகஸ்ட் 1 அன்று வந்து சேர்ந்தார்கள், மூன்று முட்டைகளுடன்.

இந்தப் பயணத்தால் உணவுக் கணக்கு தீர்மானமானது. உடைகள், கூடாரம், ஸ்டவ் என்று எல்லாமே பரீட்சைக்கு உள்ளாயின. ஆனால் மண்ணெண்ணெய் டின்? அது அவர்களுடனேயே, தினமும் திறந்து மூடப்பட்டு, ஐந்து வாரம் இருட்டில் பயணம் செய்தது. வெயிலே படவில்லை. தனியாக மாதக்கணக்கில் கிடக்கவில்லை. அதனால் கசிவு தெரியவே இல்லை. எல்லாவற்றிலும் கடுமையான அந்தச் சோதனையில் ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது: சும்மா கிடப்பது. சும்மா கிடந்தபோதுதான் அந்த டின்கள் காலியாயின.

இரண்டு கோப்பைத் தேநீர்

1912 மார்ச் தொடக்கத்தில் ஸ்காட் குழு அடுத்த டெப்போவுக்கு வந்தது. அங்கேயும் எண்ணெய் குறைவு. அதற்கும் அடுத்ததிலும் அப்படியே. இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 40-ஐத் தொட்டது. (செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் இடம் அது. வகுப்பில் படிக்கும்போது சுவாரஸ்யமான தகவல்!) எண்ணெயை மிச்சப்படுத்த, பெமிக்கனை லேசாக உறைகுளிர் விட்டதும் அப்படியே விழுங்கினார்கள். தண்ணீர் குறைந்தது. காலுறைகள் காயவில்லை. ஓட்ஸின் கால்கள் கறுத்துப்போயின. மார்ச் 17 வாக்கில், தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் வேண்டாம் என்று அவர் புயலுக்குள் நடந்து போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

எண்ணெய்ப் பற்றாக்குறை மட்டுமே அவர்களைக் கொல்லவில்லை. அந்த மார்ச்சில் வழக்கத்தை மீறிய குளிர் அடித்தது. உணவின் சத்து அந்த உழைப்புக்குப் போதவில்லை. ஒரு டன் பொருள் வைத்த பெரிய டெப்போவை 80 பாகையில் அமைக்கத் திட்டமிட்டு, குதிரைகள் தளர்ந்ததால் 50 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே அமைத்துவிட்டார்கள். எதிரே வந்த நாய்வண்டிகளும் அந்த டெப்போவைத் தாண்டி வரவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றையும் எண்ணெய் இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்.

கடைசிக் கூடாரத்தில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூவர். ஆளுக்கு இரண்டு கோப்பைத் தேநீர் போடுமளவு எண்ணெய், இரண்டு நாளைக்குச் சொற்ப உணவு. ஒன் டன் டெப்போ அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். புயல் விடவில்லை. நாட்குறிப்பின் கடைசித் தேதி மார்ச் 29. நாட்டு மக்களுக்கென்று எழுதிவைத்த செய்தியிலும், டெப்போக்களில் எண்ணெய் ஏன் குறைந்தது என்பதற்குத் தனக்கு விளக்கம் தெரியவில்லை என்றே ஸ்காட் எழுதியிருந்தார்.

எட்டு டின்கள்

அவர்களைத் தேடி அடுத்த கோடையில் ஒரு குழு கிளம்பியது. அதில் இந்தியாவிலிருந்து போன ஏழு கோவேறு கழுதைகளும் இருந்தன. சிம்லாவில் பழக்கப்படுத்தி, பனிக்கு ஏற்ற போர்வை, கண்ணுக்குக் கூசாத பனிக்கண்ணாடி வரை தயார்செய்து இந்திய அரசு அனுப்பியவை. குலாப், பேகம், ராணி, லால் கான் என்று அவற்றுக்குப் பெயர். 1912 நவம்பர் 12 அன்று பனியில் பாதி புதைந்திருந்த கூடாரம் கிடைத்தது.

தேடிப் போனவர்களில் செர்ரி-கரார்டும் ஒருவர். எண்ணெய் எங்கே போனது என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. முன்னதாகத் திரும்பி வந்த குழுக்கள் தங்கள் பங்குக்கு மேல் ஒரு துளிகூட எடுக்கவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படியானால்?

1922-ல் வெளியான ‘தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்ட்’ என்ற தன் புத்தகத்தில் அவர் ஒரு விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1911 செப்டம்பரில், அதாவது துருவக் குழு கிளம்புவதற்கு முன்பே, ஒரு கேலன் கொள்ளும் எட்டு மண்ணெண்ணெய் டின்கள் மரப்பெட்டியில் வைத்து முகாமுக்கு வெளியே போடப்பட்டிருந்தன. சோதனைக்காக வைத்தவை அல்ல. பனி மூடிவிட்டது. எல்லோரும் மறந்தும்விட்டார்கள்.

1912 டிசம்பரில், எல்லாம் முடிந்த பிறகு, அந்தப் பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். ஒவ்வொரு டின்னாகத் தூக்கிப் பார்த்தார்கள். மூன்று நிறைந்திருந்தன. ஒன்றில் மூன்றில் இரண்டு பங்கு. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கு.

மீதி மூன்றும் காலி.